நைஹோம் பரிசும் இரசாயன ஆசிரியர்களும்

இச்சங்கத்தின் அங்கத்தவர்களிடையே இரசாயனவியலை உயர்தர வகுப்பு வரை படித்தவர்கள் பலர் உளர். யாழ்ப்பாணத்திலே படித்தவராயினும் மதுரையிலே படித்தவராயினும், மூலக்கூறுகளின் வடிவத்தை எடுத்துக்கூறும் ஒரு கொள்கையை அவர்கள் எல்லோரும் பரீட்சைக்காக மனனம் செய்திருப்பார்கள். 'வலுவளவு ஓட்டு இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கை' என்பது இலங்கைப் பாடநூல்கள் அதற்கு இட்ட பெயர். தமிழகப் பாடநூல்களில் உள்ள பெயரும் இதற்குச் சற்றும் குறையாத நீளமுடையதே. ஆங்கிலத்தில் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'வெஸ்பர்' என்று சுருக்கிவிடுவார்கள். அக்கொள்கையுடன் கில்லெஸ்பி, நைஹோம் என்ற இரு பெயர்களையும் மாணவர் எழுதிவைப்பது வழக்கம். அவற்றுள் இரண்டாவது பெயரைத் தாங்கிய ஒரு பரிசு, இரசாயனவியலைச் சிறப்பாகக் கற்பிப்பவர்களுக்காக இந்நாட்டிலே ஏற்படுத்தப்பட்டது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

சேர் ரொனால்ட் நைஹோம் 1971ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி கேம்பிரிட்ஜ் நகரின் அருகே நடந்த மோட்டார் வாகன விபத்தொன்றில் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 54. இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் இரசாயனப் பகுதிக்குத் தலைவராகவும் உலகறிந்த ஆராய்ச்சியாளராகவும் அவர் விளங்கிய காலம் அது. அவருடைய நினைவாக 1973இல் ஒரு விரிவுரைப் பதவி நிறுவப்பட்டது. பின்னர் அதுவே நைஹோம் பரிசு என்று பெயர் பெற்றது. பரிசை வழங்கும் பொறுப்பு இரசாயனவியலுக்கான வேத்தியற் சங்கத்தினுடையதாக இருந்தது. 1841இல் தொடங்கிய இரசாயனச் சங்கமும் வேறு மூன்று அமைப்புக்களும் 1980இல் ஒன்றாகியபோது உருவான சங்கம் அது.

இப்பரிசின் விசேடம் அதன் பண அளவில் இல்லை. 2010களில் அது 5,000 பவுணும் ஒரு பதக்கமும் நாடு முழுவதும் சென்று விரிவுரையாற்றும் வாய்ப்புமாக இருந்தது. விசேடம் வேறோரிடத்தில் உண்டு. ஒரு முறை அசேதன இரசாயன ஆராய்ச்சிக்கும், அடுத்த முறை இரசாயனக் கல்விக்கும் என்று அது மாறி மாறி வழங்கப்பட்டு வந்தது. பெயரும் ஒன்று, மதிப்பும் ஒன்று. புதிய சேர்வைகளை ஆக்கியவருக்குக் கிடைத்த அதே கௌரவம், வகுப்பறையில் ஒரு கடினமான பாடத்தை விளங்கவைத்தவருக்கும் கிடைத்தது. ஆராய்ச்சியாளரை முன்வரிசையிலும் ஆசிரியரைப் பின்வரிசையிலும் இருத்திப் பழகிய கல்வியுலகில் இது சிறிய காரியமன்று. ஆராய்ச்சிப் பேராசிரியரின் பெயரில் ஆசிரியருக்கு ஏன் பரிசு என்று கேட்பவர்கள் அம்மனிதருடைய வரலாற்றைச் சிறிது பார்க்கவேண்டும்.

நைஹோம் ஆங்கிலேயரல்லர். 1917ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் என்ற சுரங்க நகரிலே பிறந்தவர். முன்னோர் பின்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள். வெள்ளியும் ஈயமும் நாகமும் தோண்டி எடுக்கும் அந்தச் செம்மண் ஊரிலே தெருக்களுக்கு அரசர் பெயரோ அமைச்சர் பெயரோ வைக்கவில்லை. ஒட்சைட்டுத் தெரு, குளோரைட்டுத் தெரு, சல்பைட்டுத் தெரு, கோபால்ட்டுத் தெரு என்றே பெயர். அயடைட்டும் புரோமைட்டும்கூட விடுபடவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே பாதிப் பாடம் எழுதிவைக்கப்பட்டிருந்தது போலும்!

உள்ளூர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து சிட்னிப் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றார். மின்கலம் செய்யும் எவர் ரெடி நிறுவனத்தில் சில காலம் வேலை பார்த்தார். பின்பு 1940இல் சிட்னி தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியரானார். பகலில் தொழில் செய்துவிட்டு மாலையில் படிக்க வருவோரும் பயின்ற கல்லூரி அது. யுத்த காலத்தில், வசதிகள் குறைந்த அந்த ஆய்வுகூடத்திலேயே பிரான்சிஸ் டுவயர் என்ற சக ஆசிரியருடன் சேர்ந்து தமது முதல் ஆராய்ச்சிகளைச் செய்தார். 1947இல் இலண்டன் வந்து, இங்கோல்ட் என்ற பெரும் பேராசிரியரின் பகுதியில் சேர்ந்தார். ஆசனிக்குச் சேர்வைகளைக் கொண்டு நிக்கல் முதலிய உலோகங்களை அவற்றுக்கு வழக்கமில்லாத வலுவளவுகளில் நிலைநிறுத்திக் காட்டியது அவருக்குப் பெரும் பெயரைத் தந்தது. இடையில் சில ஆண்டுகள் சிட்னிக்குத் திரும்பினார். 1955இல் மீண்டும் இலண்டன் வந்து பேராசிரியரானார். அசேதன இரசாயனம் என்றால் பட்டியலாக ஒப்புவிக்கும் பாடம் என்றிருந்த எண்ணத்தை மாற்ற அவர் உழைத்தார். பதவியேற்றபோது ஆற்றிய விரிவுரைக்கு அவர் கொடுத்த தலைப்பே 'அசேதன இரசாயனத்தின் மறுமலர்ச்சி' என்பதாகும்.

மேலே கூறிய வெஸ்பர் கொள்கையும் கற்பித்தலோடு நெருங்கிய சம்பந்தமுடையது. ரொனால்ட் கில்லெஸ்பி அக்கல்லூரியில் இளம் விரிவுரையாளர். மூலக்கூறுகளின் வடிவத்தை மாணவருக்கு எப்படிச் சொல்வது என்பது இருவரையும் உறுத்திய கேள்வி. அக்காலத்தில் வழங்கிய விளக்கங்கள் கணிதம் தெரிந்தவனுக்கே எட்டின, அவனுக்கும் முழுத் திருப்தி தரவில்லை. சிட்விக், பவல் ஆகிய இருவர் 1940இல் சொல்லிவைத்த ஒரு கருத்தை எடுத்து விரித்து, 1957இல் இவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மைய அணுவைச் சுற்றியுள்ள இலத்திரன் சோடிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, இயன்றவரை விலகி நிற்கும் என்பதே அதன் சாரம். பிணைப்பில் சேராத தனிச்சோடி சற்று அதிக இடம் பிடிக்கும். ஆகவே மெதேனில் 109.5 பாகையாக இருக்கும் கோணம் அமோனியாவில் ஏறக்குறைய 107 ஆகவும் நீரில் 104.5 ஆகவும் ஒடுங்குகிறது.

இதை விளக்கக் கரும்பலகைகூட வேண்டியதில்லை. ஒரே அளவான பலூன்களை ஊதி, வாய்ப்புறங்களைச் சேர்த்துக் கட்டினால் போதும். இரண்டு பலூன்கள் நேர்கோட்டில் நிற்கும். மூன்று முக்கோணமாகும். நான்கைக் கட்டினால், எவரும் தொட்டுத் திருத்தாமலே, அவை நான்முகியாக நிமிர்ந்து நிற்கும். வீட்டில் உயர்தர வகுப்புப் பிள்ளை இருந்தால் பெற்றோர் ஒரு மாலைப்பொழுதில் இதைச் செய்து பார்க்கலாம். உலகெங்கும் பாடநூலில் இடம்பெற்றுவிட்ட ஒரு கொள்கை இத்தனை எளிமையாக இருப்பதற்குக் காரணம், மாணவரை எதிரே வைத்துக்கொண்டு சிந்தித்தவர்கள் அதை ஆக்கினார்கள் என்பதே. கில்லெஸ்பி 1958இல் கனடா சென்று மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றி 2021இல் மறைந்தார்.

பல்கலைக்கழகத்தோடு நைஹோம் நின்றிருந்தால் அவர் பெயரில் கல்விக்குப் பரிசு வந்திராது. அவருடைய கவனம் பாடசாலைப் பிள்ளைகள் மீதும் சென்றது.

1950களில் சாதாரண தர வகுப்பு இரசாயனம் எப்படி இருந்தது என்பதை வயதில் மூத்த அங்கத்தவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஒட்சிசனா, குளோரீனா, அமோனியாவா, எதுவானாலும் அதே நான்கு தலைப்புக்கள்தாம்: ஆய்வுகூடத் தயாரிப்பு, பௌதிக இயல்புகள், இரசாயன இயல்புகள், உபயோகங்கள். படம் கீறி, பாகங்களைக் குறித்து, கொப்பியிலே எழுதி, வரிக்கு வரி ஒப்புவித்தால் சித்தி நிச்சயம். இந்த முறை இங்கிருந்துதான் கொழும்புக்கும் சென்னைக்கும் கப்பலேறியது. அங்கே அது இங்கிருந்ததைக் காட்டிலும் அதிக காலம் வாழ்ந்தது என்பது வேறு விடயம்.

மோட்டார் வாகனத் தொழிலதிபர் நஃபீல்ட் பிரபு 1943இல் நிறுவிய அறநிதியம், 1962இல் விஞ்ஞானக் கல்வியைத் திருத்தும் பெருந்திட்டம் ஒன்றை மேற்கொண்டது. அதில் இரசாயனப் பகுதியைத் தூண்டி எழுப்பியவர்களுள் முதன்மையானவர் நைஹோம். அதன் ஆலோசனைக் குழுவுக்கும் அவரே தலைவர். ஹாலிவெல் என்பவர் ஒழுங்கமைப்பாளராக இருந்தார். புதிய பாடங்களைப் பள்ளிகளிலே நடத்திப் பார்த்து, திருத்தி, 1966இல் நூல்களாக வெளியிட்டார்கள். இரசாயனவியல் அறிவைத் தூண்டும் பாடமாக இருக்கவேண்டும், வெறும் தகவல் மூட்டையாக இருத்தலாகாது என்பது நைஹோமின் கொள்கை. மாணவன் தானே செய்து, தானே பார்த்து, தானே கேள்வி கேட்கவேண்டும் என்று திட்டம் வகுக்கப்பட்டது. 1964இல் 'இரசாயனத்தில் கல்வி' என்ற பொருள்படும் பெயருடன் ஆசிரியர்களுக்கென ஒரு சஞ்சிகை தொடங்கப்பட்டது. அதை நிறுவியவராகவும் அவரே கொள்ளப்படுகிறார். 1967இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் பள்ளி விஞ்ஞான ஆசிரியர்களின் சங்கத்துக்கும் அவர் தலைவராக இருந்தார். பட்டத்தைவிட இந்தத் தலைமைப் பதவி அவரைப்பற்றி அதிகம் சொல்கிறது.

நஃபீல்ட் திட்டத்தில் குறையில்லாமல் இல்லை. ஒரு சிறு சோதனையை எடுத்துக்கொள்வோம். மக்னீசிய நாடாவைப் புடக்குகையில் இட்டு, மூடி, சூடாக்கி, எரிந்த பின் நிறுத்துப் பார்ப்பது. எரிந்த பொருள் சாம்பலாகி இலேசாகும் என்பதுதான் வீட்டில் விறகு எரியக் கண்ட எவரும் நினைப்பது. ஆனால் மக்னீசியம் காற்றிலுள்ள ஒட்சிசனைச் சேர்த்துக்கொள்வதால் நிறை கூடவேண்டும். எரிதலைப்பற்றிய நவீன அறிவின் அடிப்படையே இதுதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூடியைச் சற்று அதிகம் திறந்துவிட்டால் வெண்புகை வெளியே போய்விடும், நிறை குறைந்துவிடும். இப்பொழுது பிள்ளை எதைக் 'கண்டுபிடித்தது'? நல்ல ஆசிரியர் அந்தப் புகையையே பாடமாக்கிவிடுவார். சாதாரண ஆசிரியர், "பிழை, புத்தகத்திலுள்ள விடையை எழுது" என்பார். திட்டம் எவ்வளவு சிறப்பாக எழுதப்பட்டாலும் கடைசியில் அது வகுப்பறையில் நிற்பவரின் கையிலேயே தங்கியிருந்தது. கெட்டிக்கார மாணவருக்கு அது பொருந்தியது, ஏனையோர் தடுமாறினர் என்ற குறையும் அக்காலத்திலேயே கூறப்பட்டது. 1988இல் சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாக ஜி.சி.எஸ்.ஈ. வந்தபோது காட்சி மாறிவிட்டது. எனினும் பிள்ளைகள் இன்றும் கண்ணாடி மாட்டிக்கொண்டு பன்சன் சுடரடுப்பின் முன் நிற்பதில் அந்தத் திட்டத்துக்குப் பங்குண்டு.

தானே செய்து பார்த்தும் பிள்ளைகளுக்கு ஏன் விளங்கவில்லை? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முக்கியமானவர் அலெக்ஸ் ஜோன்ஸ்டன். ஸ்கொத்லாந்துப் பாடசாலைகளில் கற்பித்துவிட்டு கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 1980இல் அச்சான அவருடைய நைஹோம் விரிவுரை, இரசாயனக் கல்வி ஆராய்ச்சியில் கிடைத்த உண்மைகளையும் அவற்றால் விளையவேண்டிய மாற்றங்களையும் பற்றியது. பெற்றோர்களுக்கு அவசியம் தெரியவேண்டிய செய்தி அவருடைய வாழ்நாள் ஆய்வுகளில் இருக்கிறது.

பிள்ளை உப்பை நீரிலே போடுகிறது, உப்பு கரைந்து மறைகிறது. இது கண்ணுக்குத் தெரிவது. சோடியம் அயன்களும் குளோரைட்டு அயன்களும் பிரிந்து, நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்துகொள்கின்றன. இது கண்ணுக்குத் தெரியாதது. கரும்பலகையில் எழுத்துக்களும் எண்களும் கூட்டல் கழித்தற் குறிகளும் தோன்றுகின்றன. இது அடையாள மொழி. இம்மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகள் என்றார் ஜோன்ஸ்டன். பழகிய ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் மூன்று மூலைகளையும் தொட்டுவிட்டு வருவார், தாம் தாவியதே அவருக்குத் தெரியாது. கேட்கும் பிள்ளைக்கோ மூன்றையும் ஒரே சமயத்தில் மனத்தில் ஏந்த முடியாது.

மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய அளவு சிறியது. பத்துக் கிராம் சோக்குடன் முற்றாகத் தாக்கம் புரிய, லீற்றருக்கு ஒரு மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், கேள்வி ஒரே வரிதான். ஆனால் சோக்கு என்பது கல்சியம் காபனேற்று என்று அறியவேண்டும். இரு பொருள்களின் சூத்திரமும் வேண்டும். விளைவுகள் எவையெனத் தெரியவேண்டும். சமன்பாட்டைச் சமப்படுத்தவேண்டும். காபனேற்றின் மூலர்த் திணிவு 100 எனக் கூட்டவேண்டும். பத்துக் கிராம் என்பது 0.1 மூல், அதற்கு இரு மடங்கு அமிலம், அதாவது 0.2 மூல், ஆகவே 200 மில்லிலீற்றர் என்று முடிக்கவேண்டும். இப்படி எண்ணிக்கொண்டு போனால் எட்டு ஒன்பது படிகள் வந்துவிடும். ஜோன்ஸ்டனும் சக ஆய்வாளர் ஒருவரும் 1986இல், நைஹோம் தொடக்கிய அதே சஞ்சிகையில், ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வினாவைச் செய்யத் தேவையான சிந்தனைப் படிகள் ஐந்து ஆறைத் தாண்டியதும் சரியாக விடையளிப்போரின் தொகை படிப்படியாகக் குறைவதில்லை, மலையுச்சியிலிருந்து விழுந்ததுபோல் திடீரெனச் சரிந்துவிடுகிறது என்று அது காட்டியது.

பெற்றோர் இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது. மூல் கணக்கில் பிள்ளை திணறினால் "கவனமில்லை", "மூளை போதாது", "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று சொல்வதும், சனிக்கிழமை ரியூசனோடு ஞாயிற்றுக்கிழமை ரியூசனையும் சேர்த்துவிடுவதும் பல வீடுகளில் வழக்கம். குறை பிள்ளையிடத்தில் இல்லாமல், ஒரே மூச்சில் பத்துப் பொருளை அதன் தலையில் ஏற்றிய முறையில் இருக்கலாம். இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நன்றாகப் பழகிய ஒன்று மனத்தில் பல இடங்களைப் பிடிப்பதில்லை, ஒரே கட்டாகச் சுருங்கிவிடும். சோக்கு என்றதும் சூத்திரம் தானாக வந்துவிடும் பிள்ளைக்கு இரண்டு மூன்று படிகள் மிச்சம். ஆகவே மனனம் செய்வது பழைய பஞ்சாங்கம் என்று முற்றாக ஒதுக்குவோரின் கட்சியும் சரியன்று. எதை மனனம் செய்விப்பது, எதை விளங்கவைப்பது, எந்த வரிசையில் என்று தெரிந்திருப்பதே ஆசிரியரின் திறமை. அத்திறமை ஆராய்ந்து பெறவேண்டிய அறிவு என்பதை ஏற்றுக்கொண்டதால்தான், ஒரு பெரிய விஞ்ஞானச் சங்கத்தின் பதக்கம் அதற்குக் கிடைத்தது.

பரிசைப்பற்றி ஒரு குறையும் கூறத்தான் வேண்டும். நாடு முழுவதும் விரிவுரை ஆற்றவேண்டிய பரிசு, இயல்பாகவே பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கே வசதியானது. தவணை நடுவில், பதினோராம் வகுப்பை யாரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு பள்ளி ஆசிரியை லீட்சுக்கும் எடின்பரோவுக்கும் இரயிலேறுவார்? பாடசாலைக்காக இத்தனை உழைத்த நைஹோமின் பெயரிலுள்ள பரிசு, பாடசாலை வாசலைத் தாண்டி உள்ளே நுழைய இலகுவான வழி இல்லாமலே நெடுங்காலம் இருந்தது.

இக்குறை உணரப்படாமலும் போகவில்லை. சங்கம் தன் பரிசுகள் யாவற்றையும் மீளாய்வு செய்ய ஒரு சுயாதீனக் குழுவை நியமித்தது. தனி மனிதருக்கே புகழ் சேர்ப்பதை விடுத்து குழுக்களையும் ஆசிரியர்களையும் கூடுதலாகக் கௌரவிக்க வேண்டும் என்ற போக்கில் 2019இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. அதன் பின்னர் கல்விச் சிறப்புக்கென்று ஒரு பரிசு வரிசை ஏற்படுத்தப்பட்டு, தொடக்கப் பள்ளி, இடைநிலைப் பள்ளி, உயர் கல்வி எனத் தனித்தனிப் பரிசுகளும், கூட்டாகப் பணி செய்யும் ஆசிரியர் குழுக்களுக்கென்று பரிசும் வழங்கப்பட்டன. இவற்றுள் தொடக்கப் பள்ளிப் பரிசு பலருக்கு வியப்பாக இருக்கும். அவ்வகுப்புக்களில் கணிதமும் வாசிப்பும் வரலாறும் சித்திரமும் விஞ்ஞானமும் ஒரே ஆசிரியர்தான் கற்பிக்கிறார். அவர் பெரும்பாலும் இரசாயனப் பட்டதாரி அல்லர். ஏழு வயதுப் பிள்ளை, சீனி தேநீரில் கரைந்தபின் எங்கே போயிற்று என்று முதன்முதலாகக் கேட்பது அவரிடத்திலேதான்.